சுக்கானுக்கு மேலே ஒரு சாண் மண்

நாகர்கோவிலிலிருந்து கிழக்கே போகிறவர்களுக்கு ஆரல்வாய்மொழிக் கணவாய் ஒரு கதவு போன்றது. தோவாளை வரை கூடவே வரும் வயலும் வாழையும் தென்னையும் அங்கே நின்றுவிடும். முப்பந்தலில் காற்றாலைகளின் காலடியில் உடைமரமும் ஆவாரையும் எருக்கும் கொழுக்கட்டைப் புல்லும் தொடங்கிவிடும். காவல்கிணறு விலக்குக்குச் சற்று முன்னால், மாவட்ட எல்லையை ஒட்டி, எங்கள் குடும்பத்துக்கு ஒன்றரை ஏக்கர் புன்செய் இருக்கிறது. அப்பா வாங்கிய நிலம் அது. அதில் விதைத்துப் பார்த்த வருடங்களைவிட, பக்கத்து ஊர் ஆடுகள் மேய்ந்த வருடங்களே அதிகம்.

மூன்று வருடங்களுக்கு முன்பு அந்த நிலத்தில் பத்து மூடு தென்னையும் நடுநடுவே எலுமிச்சையும் வைக்க முடிவு செய்தேன். குழி எடுக்க வந்த பெரியவர் முதல் குழியில் ஒன்றரைச் சாண் ஆழம் போவதற்குள் கடப்பாரையை நிறுத்திவிட்டார். இரும்பு எதன் மீதோ மோதி எழுப்பிய ஓசை மடை அருகே நின்ற எனக்கும் கேட்டது. குழிக்குள்ளிருந்து வெள்ளையாக ஒரு சில்லை எடுத்து என் கையில் வைத்தார்.

“பாறைன்னு நெனச்சிராத மக்கா, இது சுக்கான். இதுக்கு மேல கம்பி எறங்காது. ஆட்டுக்கு விட்டுரு, புண்ணியமாப் போவும்.”

சுக்கான் என்பது மண்ணுக்கடியில் இறுகிக் கிடக்கும் சுண்ணாம்புக் கல் அடுக்கு. அவர் சொன்னதை நான் கேட்கவில்லை. மறுநாள் ஜேசிபி வரவழைத்தேன். பத்துக் குழிகளில் நான்கில் மட்டும் சுக்கான் தகடு உடைந்து அடிமண் தெரிந்தது. மற்ற ஆறில் இயந்திரத்தின் பல் வெள்ளையாகக் கோடு கிழித்ததோடு சரி. அந்த ஐப்பசி மழையில் உடையாத குழிகள் பானைகளைப் போல நீரைப் பிடித்து வைத்துக்கொண்டன. மேலே ஊறிய நீர் கீழே வழி இல்லாமல் நாள்கணக்கில் தேங்கியதால், அவற்றில் இருந்த கன்றுகள் வேர் அழுகிச் செத்தன. உடைந்த குழிகளின் கதை வேறு. உடைத்த வெள்ளைத் தூளையும் சில்லுகளையும் மேல்மண்ணோடு கலந்தே நான் குழியை மூடியிருந்தேன். பக்கத்தில் நட்ட எலுமிச்சைக் கன்றுகளின் இளம் இலைகளில், நரம்பு மட்டும் பச்சையாக இருக்க, நடுவிலுள்ள இடமெல்லாம் மஞ்சளாக வெளிறியது. அது இரும்புச் சத்துக் குறைபாட்டின் அடையாளம் என்று பிறகு அறிந்தேன். மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. சுண்ணாம்பு மிகுந்து மண்ணின் கார அமில அளவு (pH) எட்டைத் தொடும்போது அந்த இரும்பு வேரால் எடுக்க முடியாத வடிவத்தில் இறுகிவிடுகிறது. அன்னபேதி என்ற இரும்பு உப்பை வேரில் இட்டாலும் சில நாட்களில் அதற்கும் அதே கதிதான். கரைத்து இலையில் தெளித்தால் ஓரளவு பச்சை திரும்பும். மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் சுண்ணாம்பு இப்படித்தான் பூட்டி வைக்கிறது.

இந்தத் தோல்விக்குப் பிறகுதான் நான் அந்தக் கல்லை உட்கார்ந்து பார்த்தேன். காய்க்காத என் எலுமிச்சைக்குப் பதிலாகக் கடையில் வாங்கிய ஒன்றைச் சில்லின் மேல் பிழிந்தபோது, சாறு பட்ட இடம் பொரிந்து நுரைத்தது. காதருகே வைத்தால் மெல்லிய சீறல்கூடக் கேட்டது. எங்கள் பாட்டி வெற்றிலைக்குத் தடவிய நூறும், அதாவது சுண்ணாம்பும், இந்தக் கல்லும் ஒரே குலம். கடற்கரை ஊர்களில் சிப்பியைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள்; கடல் எட்டாத ஊர்களில் சுக்கானைப் பொறுக்கிக் காளவாசலில் சுட்டார்கள். சுக்கானில் களிமண் கலந்திருப்பதால், அதிலிருந்து கிடைக்கும் சுண்ணாம்புக்கு ஈரத்திலும் இறுகும் குணம் உண்டு. கிணற்றுச் சுவருக்கும் மதகுக்கும் அது ஏற்றது என்று பழைய கொத்தனார்கள் கருதியதற்கு இதுவே காரணம்.

உலகின் வறண்ட மேய்ச்சல் நிலங்கள் பலவற்றின் அடியில் இந்த அடுக்கு இருக்கிறது. புவியியலாளர் லாம்ப்ளூ 1902-இல் இதற்குக் கால்கிரீட் என்று பெயரிட்டார். அமெரிக்காவின் தென்மேற்கில் கலீச்சே என்கிறார்கள். இது உண்டாகும் விதத்தைப் புரிந்துகொள்ள நம் மாவட்டத்தின் இரண்டு முனைகளே போதும். மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது, வேர்கள் விடும் கரியமில வாயுவை ஏற்று மெல்லிய அமிலமாகி, வழியிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்து எடுத்துச் செல்கிறது. குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் மழை தாராளமாகப் பெய்வதால், கரைந்தது முழுவதும் அடிவரை போய் ஓடையில் கலந்துவிடுகிறது. அங்கே மண் சிவந்து, புளித்து, ரப்பருக்கு உகந்ததாக இருக்கிறது. கணவாய்க்குக் கிழக்கே வரும் மழைக்கு அவ்வளவு தெம்பு இல்லை. அது சில சாண் இறங்குவதற்குள் வேர்கள் நீரைக் குடித்துவிடுகின்றன, வாயு வெளியேறிவிடுகிறது, கரைந்திருந்த சுண்ணாம்பு அங்கேயே படிந்துவிடுகிறது. ஆண்டுதோறும் மழை ஏறத்தாழ அதே ஆழத்தில் நின்றுவிடுவதால், படிவும் அதே ஆழத்தில் சேர்ந்துகொண்டே போகிறது.

இந்தச் சேர்மானத்துக்குப் படிநிலைகள் உண்டு என்பதை லேலண்ட் கைல், பீட்டர்சன், கிராஸ்மன் என்ற மூன்று மண்ணியலாளர்கள் நியூ மெக்சிகோவின் லாஸ் குரூசஸ் வட்டாரத்தில் வேலை செய்து 1966-இல் எழுதினார்கள். முதலில் கூழாங்கற்களின் அடிப்பக்கத்தில் மட்டும் வெள்ளைப் பூச்சு படரும். நீர்த்துளி அடியில் தொங்கி அங்கேயே உலர்வதால் மேல்பக்கம் சுத்தமாக இருக்கும். இதைப் படித்துவிட்டு எங்கள் வரப்போரத்துக் கற்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். அடிப்பக்கம் வெளுத்திருந்த கற்கள் நிறைய அகப்பட்டன. அடுத்து மண்ணுக்குள் சுண்ணாம்பு முடிச்சுகள் தோன்றும். பிறகு முடிச்சுகள் ஒன்றோடொன்று சேர்ந்து, மண்ணின் துளைகளெல்லாம் அடைபடும். அடைபட்ட பிறகு நீர் அதன் மேல் தேங்கித் தேங்கி உலர்வதால், உச்சியில் ஏடு ஏடாக ஒரு தகடு உருவாகும். இந்த நான்காம் நிலையை எட்டப் பல்லாயிரம் ஆண்டுகள் பிடிக்கும். சரளை குறைந்த மண்ணில் லட்சக்கணக்கான ஆண்டுகளும் ஆகலாம். என் மேசையில் இருக்கும் சில்லின் உடைந்த விளிம்பில் சாம்பலும் பழுப்பும் வெள்ளையுமாக மாறிமாறி வரும் மெல்லிய கோடுகளை எண்ணத் தொடங்கி, முப்பதைத் தாண்டியதும் கண் வலித்து விட்டுவிட்டேன். அந்தத் தகட்டைத்தான் நான் மணிக்கணக்கில் வாடகை கொடுத்து உடைத்தேன்.

இத்தனை சுண்ணாம்பும் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எனக்கு எழுந்ததைப் போலவே கைலுக்கும் எழுந்திருக்கிறது. அவர் ஆராய்ந்த சில இடங்களில் மண்ணுக்கு மூலமான பாறை ரையோலைட். அதில் கால்சியம் மிகக் குறைவு. ஆகவே தூசியிலும் மழையிலுமே பெரும்பகுதி வந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். பின்னாளில், சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது என்று காட்டும் ஸ்ட்ரான்ஷியம் ஐசோடோப்பு அளவீடுகளும் அதையே உறுதிசெய்தன. ஆனி, ஆடியில் கணவாய் வழியே வரும் காற்று முகத்தில் அறையும் புழுதியைத் துடைத்துக்கொள்ளும்போதெல்லாம் எனக்கு இந்தச் செய்தி நினைவுக்கு வருகிறது.

பெரியவர் சொன்னதில் எனக்கு விளங்காமல் இருந்தது, ஆட்டுக்கு மட்டும் அந்த நிலம் எப்படி உதவும் என்பதுதான். ஒன்றரைச் சாண் மண், அதற்குக் கீழே கல். அதில் புல் எப்படிக் கோடையைத் தாண்டும்? விடை லாஸ் குரூசஸுக்கு வடக்கே உள்ள ஹோர்னாடா மேய்ச்சல் ஆய்வு நிலத்திலிருந்து கிடைத்தது. 1912 முதல் இயங்கும் அந்த நிலத்தில், மைக்கேல் டூனிவேயும் உடன் ஆய்வாளர்களும் சுண்ணாம்பு அடுக்கு நீர் பிடிக்கும் திறனை அளந்து, 2007-இல் வெளியிட்டார்கள். பார்வைக்குக் கல்லாக இருக்கும் அந்த அடுக்கு, நுண்துளைகளில் கணிசமான நீரை உறிஞ்சி, மேல்மண் காய்ந்த பிறகு செடிகளுக்கு மெதுவாக விட்டுக்கொடுக்கிறது என்பதே அவர்கள் கண்டது. உச்சியிலுள்ள ஏட்டுத் தகடு குறைவாகவும், அதற்குக் கீழே அடைபட்ட பகுதி அதிகமாகவும் நீரைத் தாங்கும்.

இதை நம்ப மனம் வராமல், தேங்காய் அளவுள்ள ஒரு காய்ந்த துண்டை வாளி நீரில் போட்டேன். வெகுநேரம் சிறுசிறு குமிழிகள் நூல் கோத்தாற்போல் எழும்பிக்கொண்டே இருந்தன. மறுநாள் எடுத்துத் தூக்கியபோது கனம் கூடியிருந்தது கைக்கே தெரிந்தது. அதன் பிறகு உடைந்த குழி ஒன்றின் பக்கவாட்டைச் சுரண்டிப் பார்த்தேன். ஓர் உடைமரத்தின் வேர், தகட்டின் மேல் பாய் விரித்ததுபோல் படர்ந்து, ஒரு விரிசலைக் கண்டதும் நாடா போலத் தட்டையாகி உள்ளே நுழைந்திருந்தது. விரிசலின் சுவரெங்கும் மயிரிழை வேர்கள் கல்லோடு ஒட்டிக்கிடந்தன. கல்லைப் பெயர்த்தால் வேரின் தோல் கல்லோடு போனது.

ஆகவே இந்த நிலத்தில் கணக்குப் பார்க்க வேண்டியது சுக்கானுக்கு மேலே எத்தனை சாண் மண் இருக்கிறது என்பதைத்தான். சுக்கானால் மழைநீரை உள்ளே வாங்க முடியும்; ஆனால் மழையின் வேகத்துக்கு ஈடுகொடுத்து வாங்க முடியாது. மேலிருக்கும் மண்ணும் புல்லும் நீரைப் பிடித்து நிறுத்தி, மெல்ல மெல்ல அதற்கு ஊட்ட வேண்டும். அளவுக்கு மீறி மேய்ந்து புல் போனால், ஆடிக்காற்றும் ஐப்பசி மழையும் அந்த மேல்மண்ணைப் பெயர்த்துவிடும். வெள்ளைத் தகடு வெயிலில் கிடக்கும். அப்படிக் கிடக்கும் துண்டு நிலங்களை ராதாபுரம் போகும் வழியில் பார்த்திருக்கிறேன். அங்கே சீமை உடையைத் தவிர வேறெதுவும் தலையெடுப்பதில்லை.

இப்போது செத்த குழிகளை மூடிவிட்டேன். வெள்ளைத் தூளை மேல்மண்ணில் விடாமல் அள்ளி வரப்போரம் குவித்திருக்கிறேன். ஆடு மேய்க்கிறவரிடம் பேசி, புரட்டாசி மழைக்குப் பிறகு புல் பூத்து விதை உதிரும் வரை நிலத்தின் ஒரு பாதியில் ஆடுகளை விடாமல் பார்த்துக்கொள்கிறோம். மறு வருடம் மற்றப் பாதி. அவருடைய கன்னி இன ஆடுகள் எங்கள் ஏற்பாட்டை மதிப்பதில்லை என்பது வேறு விஷயம். ஒரு முனை கூரான இரும்புக் கம்பியால் பத்தடிக்கு ஒரு குத்தாக நிலம் முழுவதும் குத்தி, சுக்கான் தட்டுப்படும் ஆழத்தை ஒரு நோட்டில் குறித்து வருகிறேன். ஒரு முழத்துக்கு மேல் கம்பி இறங்கிய இரண்டே இடங்களில் புளியங்கன்று வைத்திருக்கிறேன். மேற்கு மூலை இன்னும் பாக்கி இருக்கிறது. காற்று அடங்கியதும் அங்கேயும் குத்திப் பார்க்க வேண்டும்.