க்ரூஸர் சைக்கிளுக்கு ஸ்பிரிங்கர் ஃபோர்க்: ராக்கரில் தொடங்குங்கள்

முன் வீலைத் தாங்கும் பழைய இரும்பு ஃபோர்க் இரண்டு கையில் இருந்தால் ஒரு ஸ்பிரிங்கர் (குழியின் அதிர்ச்சியை ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும் ஃபோர்க்) தேறும். ஸ்டியரிங் தண்டோடு இருப்பது பின்னால் அசையாமல் நிற்கும். தண்டை அறுத்தெடுத்த இன்னொன்று அதன் முன்னால் ஏறி இறங்கும். கீழே இரண்டையும் இணைப்பவை ராக்கர் தகடுகள். அலுமினிய ஃபோர்க்கைத் தொடவே வேண்டாம்.

ராக்கருக்கு 6 மி.மீ. இரும்புத் தகடு போதும். ஒரே கோட்டில் மூன்று துளைகள்: பின் காலுக்கு ஒன்று, அங்கிருந்து 50 மி.மீ. தள்ளி முன் காலுக்கு, அதே பின் துளையிலிருந்து 75 மி.மீ. தள்ளி வீல் அச்சுக்கு. இரண்டு தகடுகளையும் சேர்த்து இறுக்கி ஒரே மூச்சில் துளை போடுங்கள். தனித்தனியே போட்டால் அரை மில்லிமீட்டர் தவறினாலும் வீல் சாய்ந்து நிற்கும்.

பலர் சறுக்குவது அடுத்த இடத்தில். பின் கால் வளைந்த சாதாரண ஃபோர்க் என்றால் அதிலேயே 50 மி.மீ. முன்தள்ளல் (ஸ்டியரிங் அச்சைவிட வீல் அச்சு முன்னால் தள்ளி நிற்கும் தூரம்) இருக்கும். ராக்கரின் 75 சேர்ந்தால் 125. 26 அங்குல வீல், 68 டிகிரி ஹெட் கோணத்தில் (ஸ்டியரிங் தண்டு தரையோடு சாயும் கோணம்) டிரெயில் அநேகமாகப் பூஜ்யம். டிரெயில் என்பது ஸ்டியரிங் அச்சின் கோடு தரையைத் தொடும் இடத்துக்கு எவ்வளவு பின்னால் டயர் தரையைத் தொடுகிறது என்ற தூரம். கையை எடுத்தால் ஹேண்டில்பார் தன் போக்கில் திரும்பும். பின் காலின் பிவட் (ராக்கர் திரும்பும் மூட்டு) ஸ்டியரிங் அச்சின் நேர்கோட்டிலேயே விழுந்தால் டிரெயில் சுமார் 52 மி.மீ. நிதானமாக ஓடும். அதற்கு வளைவுக்கு மேலே அறுத்து, உள்ளே ஸ்லீவ் (இணைப்பு உள்குழாய்) வைத்து நேர்க்குழாயைப் பற்றவைக்க வேண்டும். ‘நேர்க்கால்’ ஃபோர்க்கை நம்பி வாங்காதீர்கள், அதன் கால்கள் தலையிலேயே முன்னால் சாய்ந்திருக்கும்.

ஸ்பிரிங் கணக்கு எளிது. முன் வீலில் 40 கிலோ பாரம் என்று வையுங்கள். ராக்கரின் நெம்பு விகிதம் 75/50, அதாவது 1.5. முன் காலுக்கு வரும் பாரம் 60 கிலோ, முதன்மை ஸ்பிரிங் இரண்டு என்பதால் ஒன்றுக்கு 30. ஏறி உட்கார்ந்ததும் ஸ்பிரிங் 10 மி.மீ. அமிழ வேண்டும் என்றால் மில்லிமீட்டருக்கு 3 கிலோ தாங்கும் ஸ்பிரிங் தேவை. எடை பார்க்கும் மெஷின் மேல் ஸ்பிரிங்கை நிறுத்தி, டிரில் பிரஸ்ஸால் 10 மி.மீ. அழுத்துங்கள், முள் 30-ஐத் தொட்டால் சரி. 25 மி.மீ. அழுத்தியும் சுருள்கள் ஒன்றையொன்று முட்டக் கூடாது.

முன் ஃபோர்க்கின் தலையில் 10 மி.மீ. கம்பி இரண்டைப் பற்றவைத்து, பின் ஃபோர்க்கோடு சேர்ந்த தகட்டின் வழியே மேலே விடுங்கள். தகட்டுக்குக் கீழே முதன்மை ஸ்பிரிங், மேலே சிறிய திரும்பல் ஸ்பிரிங், அதன் மேல் நைலாக் நட்டு (தானாகக் கழலாத நட்டு). மேல் ஸ்பிரிங் இல்லாவிட்டால் ஒவ்வொரு குழியிலும் ‘டக்’. துளையில் நைலான் புஷ் (உள்வளையம்) போடுங்கள். உறுதிக்காக இரண்டாவது வழிகாட்டித் தகடு சேர்க்க ஆசை வரும், வேண்டாம். ராக்கர் வட்டமாகத் திரும்புவதால் முன் கால் துளியளவு சாயத்தான் செய்யும், இரண்டு தகட்டுக்கு நடுவே கம்பி இறுகிவிடும்.

ஆள் உட்கார்ந்த நிலையில் ராக்கர் ஃபோர்க்கின் பின் காலுக்குச் செங்குத்தாக இருக்கும்படி கம்பி நட்டைச் சரிசெய்யுங்கள். அந்த நிலையிலிருந்து வீல் இன்னும் 20 மி.மீ. மேலே போகும், டயருக்கும் ஃபோர்க் தலைக்கும் இடையே குறைந்தது 30 விடுங்கள்.

பிவட்டுகளுக்கு 8.8 கிரேடு எம்8 போல்ட், வெண்கலப் புஷ். போல்ட்டின் மழமழப்பான பகுதிதான் புஷ்ஷுக்குள் சுழல வேண்டும். மரை உள்ளே இருந்தால் அது அரம் மாதிரி புஷ்ஷைத் தின்றுவிடும். வெல்டிங் முடியும்வரை 100 மி.மீ. ஸ்பேசரோடு டம்மி அச்சு மாட்டியே இருக்கட்டும், இல்லையேல் சூட்டில் கால்கள் உள்ளே இழுத்துக்கொள்ளும். குரோம், துத்தநாகப் பூச்சை முன்கூட்டியே கிரைண்டரில் எடுத்துவிடுங்கள், அந்தப் புகை ஆளைப் படுக்க வைக்கும்.

பிரேக்? பின்னால் கோஸ்டர் (பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக்) இருந்தால் கவலை இல்லை. முன்னால் ரிம் பிரேக் சரிவராது, பேட் ரிம்மைவிட்டு விலகும். டிரம் பிரேக் போட்டால் அதன் கையை (பிரேக் தட்டு வீலோடு சுழலாமல் பிடித்து நிறுத்தும் பட்டை) ராக்கரில் கட்டாதீர்கள். பிடித்தவுடன் முன்பக்கம் எழும்பும். இரு முனையிலும் பிவட் உள்ள தனிக் கம்பியால் பின் காலோடு இணையுங்கள்.