பச்சை விளக்கு மினுக்கினால் போதாது

ஜூலை 28, 2025, திங்கள்

பாப்பாவுக்குத் தலை வாரிக்கொண்டே, "பசிக்குதா கண்ணு?" என்று கேட்டேன். "படிச்சுட்டேம்மா" என்றாள். முன்னால் வந்து உட்கார்ந்து அதையே கேட்டதும், "பசிக்குது, தோசை" என்று சரியாகச் சொன்னாள். உதட்டைப் பார்த்துச் சமாளிக்கிறாள் என்றால் காதுக்கு வர வேண்டியது வரவில்லை. அவளுக்கு இருப்பது காக்ளியர் இம்ப்ளான்ட்: அறுவை சிகிச்சையில் உள்ளே வைத்த கருவியும், வெளியே மாட்டும் பிராசசரும் சேர்ந்துதான் அவளைக் கேட்க வைக்கின்றன.

பக்கத்து வீட்டுத் தறி ஓட ஆரம்பிப்பதற்குள் ஆறு ஒலிச் சோதனையை முடித்துவிடுவது எங்கள் வழக்கம். அம்மாபேட்டையில் அதற்கப்புறம் வீடு அமைதியாக இருக்காது. டேனியல் லிங் வகுத்த சோதனை இது: ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ். பேச்சில் வரும் தாழ்ந்த சுருதியிலிருந்து உச்சம் வரை இந்த ஆறில் அடங்கிவிடும். 'ம்' 250 ஹெர்ட்ஸ் பக்கம், 'ஸ்' 4000-க்கும் மேலே. முதுகுப் பக்கம் நின்று, வரிசையை மாற்றி மாற்றி, நடுவில் சும்மாவும் இருந்து சொல்வேன். கேட்டால் புளியங்கொட்டையை டம்ளரில் போட்டுவிட்டு, கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இன்று ஆ, ஊ, ஈ, ம் நான்கும் டக் டக்கென்று விழுந்தன. 'ஷ்'ஷுக்குத் தயங்கினாள். 'ஸ்'ஸுக்குக் கொட்டை கையிலேயே இருந்தது.

பிராசசரில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டுதான் இருந்தது. எங்கள் மாடலில் சத்தம் உள்ளே போகப் போக அது மினுக்கும். போகிற சத்தம் தெளிவா மங்கலா என்பது அந்த விளக்குக்குத் தெரியாது. காது கேட்கிற ஒருவர்தான் கேட்டுப் பார்க்க வேண்டும்.

பிராசசரைக் கழற்றி, மைக் வாங்குவதை நாமே கேட்டுப் பார்க்க உதவும் மானிட்டர் இயர்போனை அதில் செருகினேன். பாப்பாவின் அப்பாவை எதிரே உட்கார்ந்து பேப்பர் படிக்கச் சொன்னேன். போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தது குரல். முன் மைக் கவரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். மஞ்சளடித்துப் போய், தேங்காய் எண்ணெயும் முகப் பவுடரும் சேர்ந்து விளிம்பில் பசையாக இறுகியிருந்தது. நடுவில் ஒரு பொடி முடி வேறு. எங்கள் மாடலுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கவர் மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். சேலத்து வியர்வைக்கும் தலை எண்ணெய்க்கும் அது அவ்வளவு நாள் தாங்குவதில்லை. ஊசி கொண்டு குத்திச் சுத்தம் செய்யவே கூடாது, மைக் போய்விடும். புதுக் கவர் போட்டு மறுபடி கேட்டேன். அவர் சொன்ன 'செவ்வாய்ப்பேட்டை'யில் 'செ' கூர்மையாக வந்தது.

பள்ளிக்கு நேரமாகிவிட்டது. போகட்டும். அவரே வண்டியில் கொண்டுபோய் விட்டார்.

ஜூலை 29

ஆறும் வந்தன. அவர் பட்டறையிலிருந்து கொண்டுவந்த கொலுசை உள்ளறையில் குலுக்கினார். கூடத்தில் விளையாடிக்கொண்டிருந்தவள், "அப்பா, கொலுசு!" என்று ஓடினாள். போன வாரம் இதே கொலுசுக்கு அவள் திரும்பவில்லை.

ஜூலை 31, வியாழன்

பள்ளி டைரியில் போன வாரம் எழுதியனுப்பியிருந்ததை இன்று மறுபடி எடுத்துப் பார்த்தேன்: "வகுப்பில் கவனிப்பதில்லை." எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு 'எனக்கு மங்கலாகக் கேட்கிறது' என்று சொல்லத் தெரியாது. கவர் ஒரே நாளில் அடைவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்போது, உலகமே இப்படித்தான் பேசுகிறது என்று எடுத்துக்கொள்கிறாள்.

மைக் வாங்கும் சத்தத்தைத்தான் பிராசசர் குறியீடாக்குகிறது. தலையில் ஒட்டியிருக்கும் 'காயில்' (coil) என்ற வட்டு அதைத் தோலுக்கு அந்தப் பக்கம் ரேடியோ அலையாக அனுப்புகிறது. உள்ளே வைத்த கருவி, காக்ளியா என்ற உள்காதுச் சுருளுக்குள் இருக்கும் எலக்ட்ரோடு வழியே நரம்பைத் தூண்டுகிறது. வாசலிலேயே 'ஸ்' நின்றுவிட்டால் மற்றதெல்லாம் பழுதில்லாமல் இருந்தும் பயனில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இந்த அறுவை சிகிச்சை இலவசமாகக் கிடைக்கிறது. எங்களுக்கும் அப்படித்தான் கிடைத்தது. அவ்வளவு பெரிய உதவி ஒரு சின்னக் கவரில் அடைபட்டுப் போகலாமா?

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடிப் பெருக்கு

ஏற்காட்டில் அம்மா வீடு. அடிவாரத்தில் வெயில், இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிப்பதற்குள் மேகம் சாலையில் இறங்கிவிட்டது. தொப்பி போட்டுத்தான் கூட்டிப்போனேன். இருந்தும் ஏரிப் பக்கம் தூறலில் நனைந்து வந்த பிறகு காதைப் பிடித்து, "கரகரங்குதும்மா" என்றாள். அவளாகச் சொன்னாள்! தூக்கி முத்தம் கொடுத்துவிட்டு இயர்போனைச் செருகினேன். கரகரவென்றுதான் இருந்தது.

"அடுப்புப் பக்கம் வையி, இல்லாட்டி அரிசிப் பானையில போடு" என்றார் அம்மா. சூடு ஆகாது, அரிசியில் இருக்கும் தூசி மைக்குக்குள் போய்விடும். பேட்டரியைக் கழற்றி, ஈரம் துடைத்து, ட்ரை பாக்ஸில் வைத்து மூடினேன். உள்ளே இருக்கும் மணிகள் இன்னும் ஆரஞ்சு நிறம்தான். பச்சையாக மாறினால் ஈரம் இழுக்கும் சக்தி தீர்ந்துவிட்டதென்று அர்த்தம். ராத்திரி பாப்பாவும் அம்மாயியும் சைகையிலேயே கதை பேசினார்கள்.

ஆகஸ்ட் 4

மைக் தெளிவு. ஆனாலும் ஆறு ஒலியையும் வைத்துப் பார்த்தேன். இயர்போன் மைக்கை மட்டும்தான் காட்டும், காயிலோ உள்ளே இருப்பதோ வேலை செய்கிறதா என்று பிள்ளை வாயால்தான் தெரியும் என்று கேட்டுப் பேசப் பழக்கும் எங்கள் ஏ.வி.டி. டீச்சர் சொல்லிக்கொண்டே இருப்பார். ஆறும் வந்தன.

ஆகஸ்ட் 8, வெள்ளி

தலைக்குக் குளித்த நாள். முடி நன்றாகக் காய்ந்து, சாம்பிராணிப் புகையும் அடங்கிய பிறகுதான் பிராசசரை மாட்டினேன்.

வகுப்பு டீச்சரைப் பார்த்துப் பேசினேன். சண்டை போடப் போகவில்லை. ஆறு ஒலியையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, செய்து காட்டினேன். அவர் செய்தபோது வாயைக் கையால் மறைத்துக்கொண்டு 'ஸ்' என்றார். "கை மறைச்சா சத்தம் அமுங்கிடும் டீச்சர், பின்னால நின்னு சொல்லுங்க, போதும்" என்றேன். சரியென்று பின்னால் போய் நின்றார். பாப்பா ஆறையும் திருப்பிச் சொன்னதும், "இவ்வளவு நல்லா கேக்குமா இவளுக்கு?" என்று என்னைப் பார்த்தார். தினமும் முதல் பீரியடுக்கு முன்னால் தானே செய்வதாகவும், ஒன்று தவறினாலும் போன் பண்ணுவதாகவும் சொல்லியிருக்கிறார். ஒரு பாக்கெட் கவரை அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.

பிராசசரின் அளவுகளை அவளுக்கேற்பச் சரிசெய்யும் அடுத்த மேப்பிங்குக்குப் போகும்போது பின் மைக்கையும் பார்க்கச் சொல்ல வேண்டும். இரண்டு மைக்கில் ஒன்று அடைத்தாலும் இரைச்சலில் பேச்சைப் பிரித்துக் கேட்பது சிரமம். தறிச் சத்தத்துக்கு நடுவில் இருக்கிறவளுக்கு அது முக்கியம்.