இங்கு அனைவரும் நலம்

எங்கள் ஊரில் மிலிட்டரிக்காரர் வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கை காட்டும். அய்யம்பேட்டைப் பக்கம், குடமுருட்டிக் கரையிலிருந்து இரண்டாவது தெரு. வீட்டுக்காரர் ஹவில்தார். கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் ஃபேமிலி குவார்ட்டர்ஸ் கிடைத்து அவரோடு இருந்தது செகந்திராபாத்திலும் ஜபல்பூரிலுமாக ஐந்து வருஷம். மற்ற நாளெல்லாம் அவர் ஃபீல்டில், அதாவது குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாத இடங்களில், நான் இங்கே அத்தையோடும் இரண்டு பிள்ளைகளோடும். ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு அடுப்படியில் உட்கார்ந்து சிறுகதை எழுதுவேன். ஏழெட்டு வந்திருக்கின்றன.

2025 ஜூன் 2-ஆம் தேதி எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். அதற்குப் பிறகு இரண்டு மாதம் என் எழுத்து என்ன பாடுபட்டது என்பதைத்தான் எழுதுகிறேன். நடுவில் தையல், சீழ் எல்லாம் வரும். சாப்பிட்டுக்கொண்டே படிக்காதீர்கள்.

மார்ச்சிலிருந்தே உதிரப்போக்கு நிற்கவில்லை. ஸ்கேனில் 9 சென்டிமீட்டர் கட்டி. ஃபைப்ராய்டு என்றார்கள், புற்று இல்லை என்றார்கள். ஹீமோகுளோபின் 7.2. அந்த ரத்தத்தை வைத்துக்கொண்டு கத்தி வைக்க முடியாது என்று, ஒருநாள் விட்டு ஒருநாள் இரும்புச்சத்து மருந்தை டிரிப்பில் ஏற்றினார்கள். அவர் வருஷத்து 60 நாள் லீவில் ஒரு மாதத்தை மே கடைசிக்குக் கேட்டு வாங்கியிருந்தார். ராணுவ மருத்துவமனைக்குப் போனால் செலவே இல்லை. ஆனால் சென்னையோ வெலிங்டனோ போய்ப் படுத்தால் துணைக்கு யார், பிள்ளைகளுக்குச் சோறு யார்? தஞ்சாவூரிலேயே பார்த்துவிடலாம் என்று முடிவு செய்திருந்தோம்.

ஏப்ரல் 22-ஆம் தேதி காஷ்மீரில் பஹல்காமில் சுற்றுலா போனவர்களைச் சுட்டார்கள். மே 7 விடியற்காலை இந்தப் பக்கத்திலிருந்து பாகிஸ்தானுக்கு அடி. லீவெல்லாம் ரத்து. தஞ்சாவூர் விமானத் தளத்துக்கு 2020-ல் சுகோய் போர் விமானம் வந்ததிலிருந்து அதன் சத்தம் எங்களுக்கு மாட்டு வண்டிச் சத்தம் மாதிரி பழகிப்போயிருந்தது. அந்த மே மாதம் மட்டும் ஒவ்வொரு தடவை அது போகும்போதும் அத்தை வாசலுக்கு வந்து வடக்கே பார்த்துக்கொண்டு நிற்பார். 10-ஆம் தேதி சண்டை நின்றுவிட்டது என்று செய்தியில் சொன்னார்கள். அவருடைய லீவு திரும்பி வரவில்லை. ரத்தம் 10-ஐத் தொட்டிருந்தது, இனியும் தள்ளிப்போட்டால் மறுபடி இறங்கிவிடும் என்றார் டாக்டர். சரி, நான் மட்டும் போகிறேன் என்றேன்.

அட்மிஷன் மேஜையில் ஒரு தகராறு. கணவர் கையெழுத்து வேண்டுமாம். அவர் எல்லையில் இருக்கிறார் என்றேன். அப்படியானால் மாமனாரோ கொழுந்தனாரோ போடட்டும் என்றார்கள். நாற்பது வயதுக்காரி, சுயநினைவோடு எதிரில் நிற்கிறேன். என் கர்ப்பப்பைக்குக் கொழுந்தனார் சம்மதமா? இதே மாதிரி ஒரு வழக்கில், மயக்கத்தில் இருந்த பெண்ணுக்காக அவள் அம்மா கொடுத்த சம்மதமே செல்லாது என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஏதோ ஒரு கதைக்காகப் படித்து வைத்தது, அன்றைக்கு உதவியது. கடைசியில் சம்மதம் என்ற இடத்தில் நான் போட்டேன், சாட்சி என்ற இடத்தில் கொழுந்தனார் போட்டார். பாவம், அவருக்குத்தான் முகமெல்லாம் வேர்த்துவிட்டது.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். வலிக்காது. ஆனால் உள்ளே யாரோ பரண் மேலிருந்து பாத்திரம் எடுப்பது போல இழுக்கும், தள்ளும், அது தெரியும். சினைப்பைகளை எடுக்காமல் விட்டுவிட்டார்கள். மறுநாள் சிறுநீர்க் குழாயை எடுத்து நடக்கவிட்டார்கள். வாயு பிரிகிற வரைக்கும் கஞ்சித் தண்ணீர்தான். அது பிரிந்த செய்தியைக் கொழுந்தனார் மனைவி தெருவுக்கே போன் போட்டுச் சொன்னாள். ஐந்தாம் நாள் காரில் வீடு. வயிற்றில் தலையணையை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். தஞ்சாவூரிலிருந்து ஊர் வரைக்கும் எத்தனை வேகத்தடை என்று இப்போது என்னைக் கேட்டால் சரியாகச் சொல்வேன்.

ஆறு வாரம் குடம் தூக்கக் கூடாது, குனிந்து பெருக்கக் கூடாது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சொல்லி வைத்தாற்போல ஒன்றே சொன்னார்கள்: “படுத்துக்கிட்டுத்தானே இருக்கே, நிறைய எழுதலாமே.” எனக்கும் அந்த நினைப்புத்தான். ஒரு தீபாவளி மலருக்கு ஜூலை முடிவதற்குள் கதை கேட்டிருந்தார்கள். பாதி எழுதியது இருந்தது. நோட்டு, பேனா, நாலு புத்தகம் எல்லாம் கட்டில் பக்கத்தில் அடுக்கியாயிற்று.

பத்து நாள் ஒரு வரி நகரவில்லை. படித்த பத்தியையே திரும்பப் படிப்பேன், ஆரம்பத்தில் என்ன இருந்தது என்பது முடிவில் மறந்திருக்கும். வலி மாத்திரையும் ரத்தக்குறைவும் சேர்ந்தால் மூளை ஊறப்போட்ட அவல் மாதிரி ஆகிவிடுகிறது. இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. அதனால் நான் சொல்கிறேன்: ஆபரேஷன் படுக்கையை லீவு என்று நினைத்துக் கதைக்குத் தேதி ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மல்லாந்து படுத்து எழுதினால் பால்பாயிண்ட் பேனா நாலு வரியில் நின்றுவிடும், மை கீழே இறங்க வேண்டுமே. பென்சில்தான் சரி. மகனுடைய பரீட்சை அட்டையைத் தொடையில் சாய்த்து, முழங்காலுக்கடியில் ஒரு தலையணை. அட்டை வயிற்றில் படவே கூடாது. போனில் பேசி எழுதவும் பார்த்தேன். ‘கொல்லை’ என்றால் அது ‘கொள்ளை’ என்று எழுதியது. “கொள்ளையில் வாழைத்தார் சாய்ந்தது” என்று நின்றது. அதுகூடப் பரவாயில்லை. “நீங்க சாப்பிட்டீங்களா?” என்று ஒரு கதாபாத்திரம் பேசுவதைச் சொன்னேன். “ஆச்சு, ஆச்சு” என்று அடுப்படியிலிருந்து அத்தை பதில் சொன்னார். அதையும் சேர்த்து எழுதிக்கொண்டது.

அந்த நாட்களில் ஓடியது ஒரே ஒரு எழுத்து. மருந்து நேரம் குறிக்க ஒரு ரூல் போட்ட நோட்டு வைத்திருந்தேன். அதில் இப்படி இருக்கும்: “4.10 – இருமல். தலையணை. தையல் பிரிந்தது போலிருந்தது. பிரியவில்லை.” “6.00 – ரேழி வரை இரண்டு நடை.” “ஒன்பதாம் நாள் – வலது ஓரம் கசிவு. புடவையில் மஞ்சள்.” அன்றைக்கு மறுபடி தஞ்சாவூர் ஓடி, சுத்தம் செய்து, ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக். ஜூன் 12 மேட்டூர் திறந்த அன்றைக்கு “இன்று தையலைத் தொட்டுப் பார்த்தேன்” என்று மட்டும் இருக்கிறது. தண்ணீர் கல்லணை தாண்டி எங்கள் ஆற்றுக்கு வந்ததைப் பிள்ளைகள் ஓடிவந்து சொன்னார்கள். எழுந்து போய்ப் பார்க்க முடியவில்லை என்றும் குறித்திருக்கிறேன்.

இப்போது ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆபரேஷன் வியாழக்கிழமை என்று அவரிடம் பொய் சொல்லியிருந்தேன். திங்கள்கிழமை முடிந்து, நல்லபடியாக இருந்தால் புதன்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று கணக்கு. துப்பாக்கியும் கையுமாக நிற்கிற மனுஷன், நாள் முழுக்க என்னை நினைத்துக்கொண்டு நிற்க வேண்டாமே. அவர் புதன்கிழமை தம்பியிடம் பேசியபோது குட்டு உடைந்தது. போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “மே மாசம் இங்க என்ன நடந்துச்சுன்னு நான் உங்கிட்டச் சொன்னேனா? சொல்லல. நீயும் அதே வேலை பண்றே” என்றார். லைன் போய்விட்டது.

பதினான்கு வருஷமாக எங்கள் பேச்சு அப்படித்தான். ஆரம்பத்தில் கடிதம் இருந்தது. நம்பர், ரேங்க், பேர், யூனிட், அப்புறம் ‘56 ஏ.பி.ஓ.’ என்று ராணுவத் தபாலாபீஸ் எண்ணை எழுதிப் போடுவேன், ஊர்ப் பெயரே இருக்காது. எந்த மலைக்கு அது போகிறது என்று தெரியாமலே, “இங்கு அனைவரும் நலம்” என்று தொடங்குவேன். பெரியவனுக்கு டெங்கு வந்த வாரத்தில்கூட அப்படித்தான் தொடங்கினேன்.

அந்தப் போனுக்கு இரண்டு வாரம் கழித்துப் பாதிக் கதையை எடுத்துப் படித்தேன். தஞ்சாவூர் ரயிலடியில் கணவனை வழியனுப்பும் பட்டாளத்துக்காரர் மனைவி. கண்ணில் நீர் வராது, தலை நிமிர்ந்து நிற்பாள், குழந்தைகூட அழாது. எனக்கே எரிச்சலாக இருந்தது. அந்தக் கதை முழுக்க ஒருத்தருக்கு இருமல்கூட வரவில்லை. அதுவும் “இங்கு அனைவரும் நலம்”தான், ஒன்பது பக்கத்துக்கு.

ரூல் நோட்டை எடுத்து, அதைப் பார்த்துப் பார்த்து அவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஒரு தடவைக்கு இருபது நிமிஷம்தான் உட்கார முடியும், அதற்கு மேல் அடிவயிறு கனக்கும். நாலு நாள் ஆயிற்று. கசிவு, மஞ்சள், திங்கள்கிழமை கணக்கு எல்லாம் எழுதினேன். கொழுந்தனாருக்கு வேர்த்ததையும் எழுதினேன். அவர் இடத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை, அது எழுதக் கூடாத விஷயம் என்று எனக்குத் தெரியும். பதில் ஆடி பிறந்த பிறகு வந்தது. ஒரு பக்கம். மே மாதம் மூன்று நாள் பூட்ஸைக் கழற்றவே இல்லை, கால் வெந்துவிட்டது, இன்னும் தோல் உரிகிறது என்று எழுதியிருந்தார். ரொம்ப நேரம் அதையே வைத்துக்கொண்டிருந்தேன்.

ரயிலடிக் கதையைத் தூர வைத்துவிட்டு, நோட்டிலிருந்தே வேறு கதை எழுதினேன். ஜூலை 31 ராத்திரி அனுப்பினேன், பென்சிலில் எழுதியதை மகள் டைப் அடித்தாள். ஆடிப் பதினெட்டுக்கு ஆற்றுக்குப் போனேன். காதோலை கருகமணித் தட்டை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன், குடத்தை மகள் தூக்கினாள். படித்துறையில் இரண்டு படிதான் இறங்கினேன்.

பத்திரிகையிலிருந்து கதையை ஏற்றுக்கொண்டார்கள், மருத்துவமனைப் பகுதியைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று கேட்டார்கள். கால் பக்கம் குறைத்தேன், சீழைக் குறைக்கவில்லை. அத்தைக்கு மகள் முழுக்கப் படித்துக் காட்டினாள். அதில் ஒரு மாமியார், ஆபரேஷன் ஆன மருமகளுக்குச் சுறாப்புட்டு செய்து கொடுப்பார். “அது பிள்ளை பெத்தவளுக்குத்தானே?” என்று மருமகள் கேட்பாள். “ரெண்டும் ஒரே இடம்தானேடி, சாப்பிடு” என்பார் மாமியார். அத்தை யோசித்துவிட்டு, பெயரை மட்டும் மாற்றிப் போடச் சொன்னார். சுறாப்புட்டை எடுக்கக் கூடாதாம்.