உகந்தை வழியும் தாகசாந்திப் போத்தல்களும்

ஆடி மாதம் கிழக்கில் கச்சான் காற்று வீசும் காலம். மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு வெறுங்கையோடு எங்கள் பக்கம் இறங்கிவரும் அந்தக் காற்று, காலை பத்து மணிக்கே முகத்தைச் சுடும். கதிர்காமப் பாதயாத்திரைக்காரர்கள் அம்பாறை மாவட்டத்தைக் கடப்பது இந்தக் காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டுதான்.

யாழ்ப்பாணம் செல்வச்சந்நிதியில் வேல் எடுத்துப் புறப்படும் கூட்டம் முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு என்று கரையோரமாகவே இறங்கி வரும். அவ்வளவு தூரம் நடக்க எங்கள் கால்களுக்குத் தெம்பில்லை. காரைதீவு கண்ணகி அம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு அங்கிருந்து நடந்தோம். நடக்கத் தொடங்கினால் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. பெண்களும் சாமி, பிள்ளைகளும் சாமி, கூடவே ஓடிவரும் தெருநாயும் சாமி. மகிழடித்தீவிலிருந்து வந்த வயதான அம்மா ஒருவர் எங்களுக்கு ஆச்சிச் சாமி ஆனார். புளியந்தீவிலிருந்து வந்த கத்தோலிக்கர் ஒருவரும் எங்களோடு நடந்தார். கதிர்காமத்துக்கு எல்லாச் சமயத்தாரும் நடப்பது புதிதல்ல என்பதால் அவரை யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அவரும் சாமிதான்.

காரைதீவுச் சந்தியில் மேற்கே பிரிகிறது மாவடிப்பள்ளி வீதி. 2024 நவம்பர் வெள்ளத்தில், உழவு இயந்திரத்தில் வீடு திரும்பிக்கொண்டிருந்த மத்ரசாப் பிள்ளைகளைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது அந்த வீதியில்தான். நாங்கள் போனபோது அதே பக்கத்து வாய்க்கால்கள் வறண்டு வெடித்துக் கிடந்தன. "மழை இல்லையெண்டு சொல்ல ஏலாது. மாதக்கணக்கில பெய்ய வேண்டியது ரெண்டு நாளில பெஞ்சு முடியுது" என்றார் வழியில் கண்ட வயற்காரர் ஒருவர். காலநிலை மாற்றம் பற்றி மண்டபங்களில் மணிக்கணக்காகப் பேசுவதை அவர் வரப்பில் நின்றபடி சொல்லி முடித்துவிட்டார்.

ஒலுவிலில் கடல் வேறு கதை சொல்கிறது. 2013இல் திறந்த துறைமுகத்துக்காகக் கல் போட்டு அலையைத் தடுத்த பிறகு, பக்கத்துக் கரை கரைந்துகொண்டே போகிறது. தென்னைகள் வேரோடு கடலுக்குள் சாய்ந்தன. இதைக் காலநிலையின் தலையில் கட்டிவிட முடியாது. கரையோரமாக நகரும் மணலின் வழியை மறித்தது மனிதர்கள்தான். எல்லாப் பழியையும் வானத்தின் மேல் போடுவதும் ஒருவகைத் தப்பித்தல் என்று நினைத்துக்கொண்டேன்.

இனித் தாகசாந்திக்கு வருவோம். பாதயாத்திரைக்காரர்களுக்கு வழிநெடுகத் தண்ணீரும் மோரும் சர்பத்தும் கொடுப்பது இந்தக் கரையின் பழைய வழக்கம். அட்டாளைச்சேனைக்கு அருகே ஒரு முஸ்லிம் குடும்பம் வீட்டுவாசலில் இரண்டு மண்பானைகளை வைத்திருந்தது. மூடிமேல் எவர்சில்வர் குவளை. வீட்டுக்காரர் ஒவ்வொரு குவளையையும் கழுவிக் கழுவி நிரப்பித் தந்தார். நன்னாரி வேர் போட்ட தண்ணீர். குடித்துவிட்டுக் குவளையைத் திருப்பிக் கொடுத்தோம், அங்கே குப்பை என்று ஒன்றுமே மிஞ்சவில்லை. இரண்டு கட்டை தூரம் தள்ளிப் போனால் நம்மவர்களின் பந்தல். ஒலிபெருக்கியில் முருகன் பாட்டு, அன்பான வரவேற்பு, ஆளுக்கு ஒரு சிறிய பிளாஸ்டிக் போத்தல். அடுத்த பந்தலில் இன்னொன்று. வேண்டாம் என்றால் மனம் நோகுமே என்று வாங்கி வாங்கி, திருக்கோவிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது என் தோள்பையில் உடுப்பைவிடப் போத்தல்தான் அதிகம்.

திருக்கோவில் சித்திரவேலாயுதர் கோயிலில் இரவு தங்கினோம். சூரனைப் பிளந்த வேலின் கதிர்கள் மூன்று இடங்களில் தங்கின என்பது எங்கள் பக்கத்து ஐதீகம். ஒன்று உகந்தை மலையில், ஒன்று இங்கே வெள்ளை நாவலில், ஒன்று மண்டூரில் தில்லை மரத்தில். வேடர்கள் கண்டு கும்பிட்ட பிறகுதான் கோயில் என்ற கட்டடமே வந்தது. முருகன் தங்குவதற்குப் பிடித்த இடங்களைப் பாருங்கள். ஒரு மலை, இரண்டு மரங்கள். அதிலும் தில்லை, உப்புத்தண்ணீர்ச் சதுப்பில் நிற்கிற மரம். பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். இன்றைக்கு யாராவது காணி துப்புரவு செய்தால் முதலில் வெட்டி எறிவது அதைத்தான்.

அன்னதானத்தில் அன்று தாமரை இலை. குளத்திலிருந்து காலையில் பறித்தது, ஓரத்தில் இன்னும் சேறு. சூடான சோறு விழுந்ததும் இலை கறுத்துச் சுருண்டு ஒரு வாசம் வரும். அந்த வாசத்தோடு பருப்பும் பூசணிக்காயும் சேர்த்துச் சாப்பிடுகிற ருசியை, லஞ்ச் சீட் என்கிற பொலித்தீன் தாளில் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு எப்படி விளக்குவது? லஞ்ச் சீட்டை நாட்டில் தடைசெய்தது 2017 செப்டெம்பரில். ஆனாலும் வழியில் வேறு இரண்டு இடங்களில் எங்களுக்குச் சோறு கிடைத்தது அதே லஞ்ச் சீட்டில்தான். தானமாகக் கொடுப்பதைச் சட்டம் பேசித் தடுக்க யாருக்கு மனம் வரும்?

சங்கமன்கண்டிப் பிள்ளையாரைக் கும்பிட்டுக் கோமாரி, பொத்துவில், அறுகம்பை தாண்டினால் பாணமை. சிங்களமும் தமிழும் கலந்து வாழும் ஊர். அங்கே பத்தினித் தெய்வத்துக்குக் கொம்பு இழுக்கும் விழா உண்டு. எங்கள் மட்டக்களப்பில் கண்ணகிக்குக் கொம்புமுறி நடத்திய அதே மரபு. இரண்டு கட்சியாகப் பிரிந்து, வளைந்த கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, ஒன்று முறியும்வரை கயிற்றால் இழுப்பார்கள். நோயும் வரட்சியும் நீங்கி மழை வரவேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு ஆரவாரமும். மழைக்காக ஊரே திரண்டு கயிறு பிடித்த காலம் ஒன்று இருந்திருக்கிறது.

புளியந்தீவுச் சாமி அந்த இடத்தில் ஒரு விசயம் சொன்னார். பாப்பரசர் பிரான்சிஸ் 2015 ஜனவரியில் மடு மாதா கோயிலுக்கு வந்துவிட்டு, கொழும்பிலிருந்து மணிலாவுக்குப் பறக்கும்போது, காலநிலை மாறுவதில் பெரும்பங்கு மனிதனுடையது என்று விமானத்தில் வைத்தே செய்தியாளர்களிடம் சொன்னாராம். அந்த ஆண்டு யூனில்தான் பூமியைப் பேணுவது பற்றிய அவருடைய சுற்றுமடல் வெளிவந்தது. "எங்கட நாட்டில ஏறின பிளேன்லதான் சொன்னவர்" என்று சாமி பெருமைப்பட்டார். ஆச்சிச் சாமி அதைக் கேட்டுவிட்டு, "அவரும் வெயிலுக்குள்ள நடந்திருப்பார் போல" என்றார்.

உகந்தை. கடலோரத்தில் பாறைமலை. முருகனும் வள்ளியும் வந்த தோணிகள் கல்லாகிக் கிடப்பதாகக் கரையில் காட்டுவார்கள். மேலே ஏறினால் பாறைக் குழிகளில் சுனைத் தண்ணீர், வள்ளியம்மன் சந்நிதி, ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் குமணக் காடு. சுனை ஒன்றில் கையை விட்டேன். இந்த வெயிலிலும் குளிர்ந்திருந்தது. அடியில் பாசி, பாசிக்குள் ஒரு நீல மூடி.

கீழே காட்டுவழி வாசலில் பெரிய கூட்டம். இதற்குப் பிறகு கடையும் இல்லை, வீடும் இல்லை என்பதால் கொடுக்க விரும்புகிறவர்கள் எல்லோரும் வந்து குவிவது இங்கேதான். லொறியில் வந்து இறக்குகிறார்கள். பிஸ்கட், கச்சான் கடலை, குளுக்கோசு, பொலித்தீன் பையில் கட்டிய அவல், பெட்டிபெட்டியாகத் தண்ணீர்ப் போத்தல். சில இளைஞர்கள் வெற்றுச் சாக்குகளோடு நின்று, குப்பையைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று ஒவ்வொருவரிடமும் மன்றாடிக்கொண்டிருந்தார்கள். கொடுக்கிறவர்களிடம் பேச அவர்களுக்குத் துணிவு வரவில்லை. வந்திருந்தால் பாதி வேலை அங்கேயே முடிந்திருக்கும். காடு அழுக்காவதற்கு நடக்கிறவனின் பொறுப்பின்மை மட்டும் காரணமில்லை. வெறுங்காலோடு, வெயிலில், பல நாள் நடையில் இருப்பவனிடம் அவன் சுமக்க முடியாத அளவு அன்பைத் திணிக்கிறோம். வீசாமல் என்ன செய்வான்?

ஆச்சிச் சாமியின் மூட்டையில் இருந்தது ஒரு செம்பு, துணிப்பையில் அரிசி, கொஞ்சம் புளி, உப்பு, ஒரு சிரட்டை அகப்பை. அவ்வளவுதான். "காட்டுக்குள்ள போனா அது முருகன்ட வளவு மனே. பச்சக் கொப்பு முறிக்கமாட்டம், காஞ்ச விறகுதான். ஆனையப் பேர் சொல்லமாட்டம், பிள்ளையார் எண்டுதான் சொல்லுவம். அடுப்ப அணைச்சு மண் போட்டு மூடிட்டுத்தான் எழும்புவம்" என்றார். இந்த விதிகளை அவருக்கு எந்தத் திணைக்களமும் சொல்லிக் கொடுக்கவில்லை. தாயோடு சிறுவயதில் நடந்தபோது கேட்டவை.

குமண, 1938இலேயே பறவைகள் சரணாலயமான இடம். யால கிழக்கு என்று இருந்த பெயர் 2006இல் மாறியது. 2010இல் ராம்சர் என்ற உலக ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. அதன் தெற்கெல்லை குமுக்கன் ஆறு, அந்தப் பக்கம் மொனராகலை மாவட்டம். இரு கரையிலும் மருத மரங்கள். ஆடியில் ஆறு மெலிந்து மணலாகக் கிடக்கும். குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் மணலில் ஊற்றுத் தோண்ட வேண்டும். முழங்கை ஆழம் தோண்டினால் முதலில் கலங்கலாக ஊறும், அதை அள்ளி ஊற்றிவிட்டுக் காத்திருந்தால் தெளிந்து வரும். நாங்கள் தோண்டிய குழியில் தண்ணீருக்கு முன்னால் வந்தது பொலித்தீன். போன வருடத்ததோ அதற்கு முந்தினதோ, உள்ளே அவலின் உமி இன்னும் ஒட்டியிருந்தது. உப்பும் சாப்பாட்டு வாசமும் இருந்தால் மானும் மரையும் பையோடு சேர்த்துத்தான் மெல்லும். இதே அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டில், குப்பைமேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று எட்டு ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் இறந்ததாக 2022 ஜனவரியில் செய்தி வந்தது. பிள்ளையார் என்று சொல்லும் வாயால் அந்தச் செய்தியையும் வாசித்தோம்.

கரையில் பொறுக்கிய போத்தல்களில் ஒன்றில் மட்டும் ஒட்டுத்தாள் கிழியாமல் இருந்தது. ஒரு தாயாரின் படம், அவருடைய ஞாபகார்த்தமாக என்ற வரி, குடும்பத்தாரின் தொலைபேசி இலக்கம். அந்த அம்மாவின் முகம் சேற்றில் பாதி புதைந்து கிடந்தது. மகன் நிச்சயம் இதற்காகக் கொடுத்திருக்கமாட்டார். போத்தலைக் கழுவிச் சாக்கில் போடாமல் என் பையில் வைத்துக்கொண்டேன்.

கதிர்காமத்தில் மாணிக்க கங்கையில் குளித்துக் கும்பிட்டு முடிந்த பிறகு அந்த இலக்கத்துக்கு எடுத்தேன். குறைசொல்லும் குரலில் பேசக்கூடாது என்று முதலிலேயே முடிவு. படம் கிடந்த இடத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "அம்மா ரெண்டு தரம் நடந்தவ தம்பி, தாகத்தால சரியாக் கஷ்டப்பட்டவ, அதாலதான் ஒவ்வொரு வருசமும் குடுக்கிறன்" என்றார். "வேற என்னத்தக் குடுக்கிற?" என்று அவரே கேட்டார்.

பக்கத்தில் இருந்த ஆச்சிச் சாமி போனைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "தண்ணியக் குடு மனே, ஆர் வேணாமெண்ட? பவுசர்ல கொண்டுவந்து உகந்தையில ஒரு தாங்கி வை. நாலு பைப் போடு. அவங்கவங்க செம்புல புடிச்சிட்டுப் போகட்டும். மறுகா அம்மாட பேரத் தாங்கியில பெரிசா எழுது."