உள்ள ஒண்ணுமே இல்லாத டப்பா

சேலத்துல செவ்வாய்ப்பேட்டை பக்கம் ஒரு காயலான் கடை, அங்கதான் இந்த டெக்ட்ரானிக்ஸ் டைப் 109 பல்ஸ் ஜெனரேட்டர் (டக்குனு எழும்பி அடங்கற குட்டி மின் துடிப்பு கொடுக்கற மெஷின்) கிடைச்சது. கடைக்கார அண்ணன் மூடிய கழட்டி பாத்துட்டு "காப்பர் ஒண்ணும் தேறல தம்பி, உள்ள இருந்தத எவனோ முன்னாடியே உருவிட்டான்"னாரு. உருவலைங்க, அதோட டிசைனே அவ்ளோதான்!

வேலை செய்யற விதம் ரொம்ப எளிமை. ஒரு 50 ஓம்ஸ் கோயாக்ஸ் ஒயரை (நடுவுல கம்பி, சுத்தி உலோக வலை இருக்கற ஒயர்) பெரிய ரெசிஸ்டர் வழியா சார்ஜ் பண்ணி வைக்கணும், ஒரு ரிலே (கரன்ட்ல இயங்கற சுவிட்ச்) மூடும்போது அந்த சார்ஜ் வெளிய 50 ஓம்ஸ் லோடுக்கு பாயும், சார்ஜ் பண்ண வோல்டேஜ்ல பாதி அங்க வரும், அந்த அலை ஒயரோட கடைசி வரைக்கும் போய் முட்டி திரும்பி வந்ததும் பல்ஸ் முடிஞ்சிரும். 1 மீட்டர் ஒயர்னா போக 5 நானோசெகண்ட் வர 5, ஆக 10 நானோசெகண்ட் பல்ஸ். அகலம் மாத்தணுமா, ஒயர் நீளத்த மாத்துங்க, அதுக்குன்னு தனியா ஒரு நாப் கூட கிடையாது.

சூட்சுமம் எல்லாம் அந்த ரிலேலதான். சாதா ரிலே மூடும்போது கான்டாக்ட் நாலஞ்சு தடவ குதிக்கும், இதுல கான்டாக்ட் மேல பாதரசம் படிஞ்சிருக்கறதால குதியே இல்ல. பல்ஸ் அடியில இருந்து உச்சிக்கு ஏறுற நேரம் 0.25 நானோசெகண்டுக்கும் கம்மி, அந்த நேரத்துல வெளிச்சமே 7.5 சென்டிமீட்டர்தான் போகும். எல்லாரும் டைமரா போடற நம்ம 555 ஐசிக்கு 100 நானோசெகண்ட் ஆகும்! அப்புறம் வந்த டெக்ட்ரானிக்ஸ் 284 பல்ஸ் ஜெனரேட்டர்ல ரிலேவுக்கு பதிலா டனல் டையோடுன்னு ஒரு அதிவேக டையோடு போட்டு (ஜப்பான்காரர் எசாகி 1957ல கண்டுபிடிச்சது, 1973ல நோபல் வாங்கினாரு) 70 பிக்கோசெகண்டுக்கு, அதாவது 0.07 நானோசெகண்டுக்கு, இறக்கிட்டாங்க, ஆனா அந்த டையோடு லேசா அடி வாங்கினாலே போயிரும், மாத்துக்கு எங்க போறது, என் ஓட்டு ரிலேவுக்குத்தான்.

என் 100 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப்புல (சிக்னல திரையில காட்டற ஆஸிலோஸ்கோப்) போட்டா 3.5 நானோசெகண்ட்தான் தெரியும், அது ஸ்கோப்போட வேகம், பல்ஸோடது இல்ல. அதனால ஏற்காட்டுல ஒரு நண்பர் வச்சிருக்கற 1எஸ்1 சாம்ப்ளிங் பிளக்இன்ல (ரொம்ப வேகமான சிக்னல பாக்க ஸ்கோப்புல சொருகற பெட்டி) பாக்கலாம்னு வண்டில வச்சு 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிட்டோம், பாதரச ரிலே நிமிர்ந்தே நிக்கணும்கறதால அத ஏதோ கைக்குழந்தை மாதிரி மடியில வச்சிக்கிட்டு வந்தேன். 1எஸ்1 ஏற அதுவே 0.35 நானோசெகண்ட் எடுக்கும், பல்ஸோட 0.25, இந்த ரெண்டையும் வர்க்கம் பண்ணி கூட்டி மூலம் எடுத்தா 0.43 வரணும், கிட்டத்தட்ட அப்படியேதான் வந்துச்சு.

ஒரு விஷயம், கேபிள் டிவி ஒயர் சும்மா கிடக்குதேன்னு சார்ஜ் லைனா போட்டுறாதீங்க. அது 75 ஓம்ஸ், 50 ஓம்ஸ் லோடோட பொருந்தாது, அதனால பல்ஸ் முடிஞ்ச கையோட பூஜ்யத்துக்கு கீழ அதே அகலத்துக்கு ஒரு பள்ளம் விழும், உயரத்துல அஞ்சுல ஒரு பங்கு. புதுசா பாக்கறவங்க மெஷின்ல கோளாறுன்னே நினைப்பாங்க.

இப்ப தலைவலி கனெக்டர்தான். இதுல இருக்கறது ஜிஆர் 874, ஆண் பெண்ணுன்னே கிடையாது, எதோட வேணா எது வேணா சேரும், அருமையான சாமான், ஆனா இங்க கடையில கேட்டா நம்மள ஒரு மாதிரி பாக்கறாங்க. அதுல இருந்து ஸ்கோப்புல சாதாரணமா இருக்கற பிஎன்சி கனெக்டருக்கு மாத்தற அடாப்டர் யார்கிட்டயாவது சும்மா கிடந்தா சொல்லுங்க, நியாயமான விலைக்கு எடுத்துக்கறேன்.