மாறினேனா, மாற்றினேனா?

இத்தாலிய மொழி படிக்க ஆரம்பித்த புதிதில் 'ஆகு' என்பதற்கு திவென்தாரே என்ற சொல் கிடைத்ததும், அதையே எல்லா இடத்திலும் போட்டுக்கொண்டிருந்தேன். சிவப்பாக ஆனேன், ஒல்லியாக ஆனேன், பைத்தியமாக ஆனேன் என்று எதற்கும் அதுதான். இலக்கணப்படி தப்பில்லை. ஆனால் இத்தாலியர்கள் இதில் பலவற்றை ஒரே வினையில் முடித்துவிடுவார்கள். ரொஸ்ஸோ என்றால் சிவப்பு, முகம் சிவப்பதற்கு அர்ரொஸ்ஸீரே. மாக்ரோ ஒல்லி, இளைப்பதற்கு திமாக்ரீரே. வெக்கியோ கிழம், வயதாவதற்கு இன்வெக்கியாரே. முன்னால் ஒரு துண்டு, பின்னால் வினை விகுதி, அவ்வளவுதான். யோசித்துப் பார்த்தால் நாமும் 'முகம் சிவந்தது', 'உடம்பு இளைத்தது' என்றுதானே சொல்கிறோம்! ஆங்கிலம் வழியாகப் படித்ததால் இது எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் உறைத்தது. (திவென்தாரே ரொஸ்ஸோ என்றும் தாராளமாகச் சொல்லலாம், கூடவே 'கோமே உன் பெபெரோனே', அதாவது குடமிளகாய் மாதிரி, என்று சேர்த்துக்கொள்வார்கள்.)

உண்மையான சிக்கல் மாறுவதற்கும் மாற்றுவதற்கும் பொதுவான காம்பியாரேயில் இருக்கிறது. தமிழில் மாறு, மாற்று என்று வினையே இரண்டாகப் பிரிந்துவிடும். அங்கே வினை ஒன்றுதான், அந்த வேலையை இறந்தகாலத்தில் துணைவினை செய்கிறது. 'சோனோ காம்பியாத்தோ' என்றால் நான் மாறிவிட்டேன், சொல்வது பெண் என்றால் காம்பியாத்தா. 'ஓ காம்பியாத்தோ' என்றால் நான் எதையோ மாற்றினேன். தன்வினைக்கு எஸ்ஸெரே ('இரு' என்ற வினை, சோனோ அதன் வடிவம்), பிறவினைக்கு அவேரே ('வைத்திரு' என்ற வினை, ஓ அதன் வடிவம்) என்று மனசில் பதித்துக்கொண்டு நிம்மதியாக இருந்தேன். அப்புறம் ஒரு நாள் பயிற்சி நோட்டில் 'வீடு மாறினேன்' என்பதை 'சோனோ காம்பியாத்தோ காஸா' என்று எழுதினேன், சுத்தமாகத் தப்பு. 'ஓ காம்பியாத்தோ காஸா'தான் சரி, ஏனென்றால் அவர்கள் கணக்கில் வீடு செயப்படுபொருள், நான் அதை மாற்றுகிறேன். 'மனம் மாறினேன்' என்பதும் அப்படித்தான், 'ஓ காம்பியாத்தோ இதேயா', எண்ணத்தை மாற்றினேன். ஆக, தமிழில் மாறினேன் என்று வருகிறதே என்று நம்பி எஸ்ஸெரே போடக்கூடாது, இத்தாலிய வாக்கியத்தில் செயப்படுபொருள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போடவேண்டும்.

குவாரீரே இன்னும் தெளிவு. 'சோனோ குவாரீத்தோ', குணமானேன். 'இல் மேதிகோ மி ஆ குவாரீத்தோ', மருத்துவர் என்னைக் குணமாக்கினார். நம்முடைய ஆகு, ஆக்கு அப்படியே கண்முன் நிற்கிறது. இன்வெக்கியாரேகூட இப்படி இரண்டு பக்கமும் போகும். 'குவெல் வெஸ்தீத்தோ தி இன்வெக்கியா' என்றால் அந்த உடை உன்னை வயசானவளாகக் காட்டுகிறது என்று அர்த்தம், கேட்பவருக்குக் கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஃபார்ஸி. 'செய்' என்ற ஃபாரேயோடு 'தன்னை' என்ற ஸி ஒட்டிக்கொண்டால் ஆவது என்ற பொருளும் வந்துவிடுகிறது. 'ஸி எ ஃபாத்தோ தார்தி' என்றால் நேரமாகிவிட்டது. யார் செய்தது என்று அங்கேயும் யாரும் கேட்பதில்லை, நாமும் 'நேரமாச்சு' என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறோம்.