மாலையும் நம்பிக்கையும்

நவம்பர் 16, 2024 (கார்த்திகை 1)

அண்ணன் இன்று விடியற்காலையில் குருசாமியின் கையால் துளசிமணி மாலை அணிந்துகொண்டார். நேற்று இரவு வரை குடித்தவர், மலைக்குப் போய்த் திரும்பி மாலையைக் கழற்றும் வரை ஒரு சொட்டும் தொட மாட்டார் என்பது ஆண்டுதோறும் நாங்கள் காணும் உண்மை. எனக்கு ஐயப்பனிடம் நம்பிக்கை இல்லை; ஆயினும் இன்று முதல் அவரைச் 'சாமி' என்றே அழைக்கிறேன்.

நவம்பர் 20

விளக்கேற்றும்போது அண்ணனின் கை நடுங்கியது. இரண்டு தீக்குச்சிகள் திரியைத் தொடுமுன்னே அணைந்தன. உதவ வந்த அண்ணியிடம் வேண்டாமெனத் தலையசைத்துவிட்டு, வலது மணிக்கட்டை இடக்கையால் இறுகப் பிடித்துக்கொண்டு மூன்றாவது குச்சியால் ஏற்றினார். மருத்துவரின் எச்சரிக்கையும் என் வாதங்களும் செய்யாததை மாலை செய்கிறது. "இவ்வளவு நல்லது நடக்கிறதே, நம்புவதற்கு இது போதாதா தம்பி?" என்று அண்ணி கேட்டார். சட்டென்று பதில் சொல்ல என்னால் இயலவில்லை.

நவம்பர் 24

17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கணித அறிஞர் பாஸ்கல், கடவுள் இருந்தால் நம்பியவனுக்கு முடிவில்லாத ஆதாயம், இல்லாவிட்டால் சொற்ப இழப்பு என்று நம்பிக்கையைப் பந்தயமாகக் கணக்கிட்டார். 1877இல் இங்கிலாந்தின் கணித அறிஞரும் தத்துவவாதியுமான கிளிஃபர்டோ, போதிய சான்றின்றி எதையும் நம்புவது எவருக்கும் தவறு என்றார். பழுதான கப்பல் பத்திரமாகப் போய்ச் சேரும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு மக்களை ஏற்றி அனுப்பும் உரிமையாளன் அவர் காட்டிய உதாரணம். கப்பல் தப்பிக் கரை சேர்ந்தாலும் அவன் குற்றவாளியே. நான் கிளிஃபர்டின் பக்கமே நிற்கிறேன். அண்ணன் ஆதாயம் பார்த்து நம்பவில்லை; ஐயப்பன் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதாலேயே குடிக்காமல் இருக்கிறார். குடி நிற்கும் என்ற கணக்கில் நான் மாலை போட்டால், ஆசை எழும் முதல் அந்தியிலேயே அந்தக் கணக்கை மாற்றி எழுதிவிடுவேன். நன்மை நம்பிக்கையால் விளையலாம். அந்த நம்பிக்கை மெய் என்பதற்கு நன்மை சாட்சியாகாது.

டிசம்பர் 24

இன்று இருமுடி கட்டினோம். முறைப்படி நானும் மூன்று கைப்பிடி அரிசி இட்டேன். கை சற்றுத் தயங்கியது. நாற்பத்தொரு நாள் நிற்கும் குடி மீதி நாள்களிலும் நிற்க வேண்டும் என்பதே என் கவலை என்று அண்ணனிடம் வெளிப்படையாகச் சொல்லி, மறுவாழ்வு மையத்துக்கு வரச் சம்மதமா என்று கேட்டேன். நெய்த்தேங்காயின் வாயை அடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "மாலையைக் கழற்றுமுன்னே கூட்டிப் போ" என்றார்.